மணப்பெண் லென்ஸில் விழுந்த வால்நட்சத்திரம்

மலைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்று உண்டு. "இருட்டு வானத்தைப் படம் எடுக்கணும். எந்த லென்ஸ் போடுவீங்க, எவ்வளவு நேரம் திறந்து வைப்பீங்க?" முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். "இருக்கிறதிலேயே நல்ல லென்ஸ் சார். முடிஞ்ச வரைக்கும் அதிக நேரம்." சொல்லும்போது முகத்தில் ஒரு தெம்பு வேறு. எனக்கு வருகிற எரிச்சலை விழுங்கிக்கொண்டு, "சரி உட்காருங்க, டீ குடிங்க" என்பேன். டீ ஆறுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு உங்கள் முறை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஜவ்வாது மலையில் எங்கள் வானாய்வு நிலையத்தில் எனக்கு பிளேட் வேலை. உங்களுக்கு பிளேட் என்றால் சாப்பாட்டுத் தட்டு. எங்களுக்கு அது மருந்து பூசிய கண்ணாடி. வானம் அதன் மேல்தான் விழும். இருட்டில் அதைக் கேமராவில் ஏற்றுவது, தொலைநோக்கியில் கண்ணை வைத்து வானம் நகர நகரக் கூடவே நகர்த்துவது, பிறகு கழுவி எடுப்பது எல்லாம் என் பாடு. இருட்டறையில் எந்தப் பக்கம் மருந்து என்று கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்போம். ஒட்டினால் அதுதான் மருந்துப் பக்கம். சிரிக்காதீர்கள், அதுதான் எங்கள் தொழில்நுட்பம்.

அந்த மாசி மாதம் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் ஆலங்காயம் பக்கத்து மலை விளிம்புக்கு மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நன்றாக இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடும். அதைப் படம் எடுக்க ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், முப்பதுகூட ஆகியிருக்காது. நாங்கள் 'அம்மா' என்போம், அவர் என்னை 'அண்ணே' என்பார். மெலிந்த உருவம், அதிராத பேச்சு. இந்த அம்மா மலைக் குளிரில் நாலு நாள் தாங்குவாரா என்று சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் எல்லோரையும்விட நன்றாகவே தாங்கினார்.

பெரிய தொலைநோக்கியில் அந்த வாலைப் பிடிக்க முடியாது. அதற்குள் நிலா ஒன்று முழுசாக அடங்குவதே கஷ்டம். இதுவோ வானத்தில் ஒரு சாண் நீளம். ஆகவே ஒரு சின்ன தொலைநோக்கியின் முதுகில் கேமராவைக் கட்டி, வானத்தை அகலமாகப் பிடிக்கிற எங்கள் ஒரே நல்ல லென்ஸைப் போட்டு எடுத்தோம். கழுவிப் பார்த்தால், தலைக்குச் சற்று மேலே வால் அறுந்திருந்தது! கொஞ்ச தூரம் வால், பிறகு ஓர் இடைவெளி, பிறகு மறுபடியும் வால். அந்த அம்மா பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தபடி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்நட்சத்திரத்தின் வாயு வாலைச் சூரியனிலிருந்து வீசும் காற்று முறித்துப்போடும் என்பதுதான் அவருடைய ஆய்வு. முறிந்த வால் கையில் இருந்தது. அது நிஜமானால் அவருக்குப் பட்டம் உண்டு. இல்லையென்றால் இத்தனை வருட உழைப்பும் வெறும் ஊகமாகவே நின்றுபோகும்.

காலையில் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரைப் பிடித்தோம். கத்திப் பேசினால்தான் கேட்கும் என்பதால் அறையில் இருந்த எங்கள் காதிலும் எல்லாம் விழுந்தது.

"பிளேட்ல ஆயிரம் கோளாறு வரும்மா. மருந்து சரியாப் பூசியிருக்காது. லென்ஸுக்குள்ள எதிரொளி விழுந்திருக்கும். ஒரு பிளேட்டை நம்பி நான் ஒத்துக்க மாட்டேன். வேற லென்ஸ், வேற பிளேட், அதே நேரம். ரெண்டுலயும் விழுந்திருந்தா கொண்டு வா."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் ஒன்றுதான் மிச்சம். மறுநாள் மூன்றாம் பிறை, வால்நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்று வானத்தை வெளுப்பாக்கிவிடும். பிறை வளர வளர வெளிச்சம் கூடும். நிலா விலகுவதற்குள் வால்நட்சத்திரம் சூரியனோடு போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது லென்ஸுக்கு எங்கே போவது? அந்த அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு என் கல்யாணப் படம் ஞாபகம் வந்தது.

ஆலங்காயம் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஒரு பழைய பித்தளை லென்ஸ், குழந்தை தலை அளவு. உள்ளே இழுக்கிற வெளிச்சம் அப்படி இருக்கும். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் அந்த லென்ஸில்தான் மணப்பெண்ணை எடுக்க வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். என்னையும் என் மனைவியையும் எடுத்ததும் அதில்தான். அந்தப் படத்தில் நானே அழகாக இருந்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஸ்டூடியோக்காரர் வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றாதவர். விஷயத்தைச் சொன்னதும் மீசையை நீவினார்.

"இன்னாங்க, எங்க லென்ஸ்ல வானத்தப் புடிக்கப் போறீங்களா? வானம் இன்னா கல்யாணப் பொண்ணா?"

"ஒரு சாயங்காலம்தாங்க. முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"கொண்டாந்து குடுக்கறதா! அத்த நான் வேற ஆள் கையில குடுத்ததே கெடையாது. எங்க வூட்டுக்காரிகூட தொட்டதில்ல. நாளைக்குக் காலைல முகூர்த்தம் ஒண்ணு ஒத்துக்கினு இருக்கறேன்."

"அப்ப நீங்களும் கூட வாங்க."

கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸா, ஜீப்பா?"

"ஜீப்புங்க."

"முன் சீட்டா?"

"முன் சீட்டுதாங்க."

ஆள் கிளம்பிவிட்டார். ஓர் எவர்சில்வர் தூக்கில் பழைய பட்டுத் துணியைச் சுருட்டி வைத்து, அதற்குள் லென்ஸை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறும் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம், "மெதுவா போப்பா, உள்ள கொழந்த தூங்குது" என்றார்.

பிற்பகலில் லென்ஸை எங்கள் மரக் கேமராவில் மாட்டினோம். எங்கள் கட்டடத்திலிருந்து வெகு தூரத்தில் ஒரு மின்கம்பம் உண்டு. அதன் குறுக்குச் சட்டத்தில் வரிசையாகப் பீங்கான் குமிழ்கள் வெயிலில் மினுக்கும். லென்ஸைச் சோதிக்க அதைவிட நல்ல பொருள் மலையில் இல்லை. கேமராவின் பின்புறத் தேய்த்த கண்ணாடியில் அந்தப் பிம்பம் விழுந்ததும் அந்த அம்மா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். குமிழ்களைக் காணோம். பால் நுரை பொங்கின மாதிரி ஒரே வெளுப்பு. என் அழகின் ரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது!

ஸ்டூடியோக்காரர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அது வந்து, எங்கப்பா பின்னாடிக் கண்ணாடியத் தள்ளி வெச்சு அரக்கால ஒட்டிப்புட்டாரும்மா. அந்தக் காலத்துல பாதிப் பொண்ணுங்க மூஞ்சில அம்மைத் தழும்பு. கூரா எடுத்தா அத்தனையும் தெரிஞ்சிடும் இல்ல? இப்படி வெச்சா மூஞ்சி பூ மாதிரி வரும்."

சரி, தொலைந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஸ்டூடியோக்காரர் எதற்காக இத்தனை தூரம் தன்னை அழைத்துப் போகிறோம் என்று ஜீப்பில் என்னிடம் துருவித் துருவிக் கேட்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். திடீரென்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பிரிச்சிடலாம்மா. அரக்குக்குச் சூடு காட்டுனா விட்டுக்கும். கண்ணாடியச் சரியான எடத்துல வெச்சா கத்தி மாதிரி வரும்."

"சூடு காட்டினா கண்ணாடி விரிஞ்சு போகாதா?"

"போனாலும் போவும். நான் கை வெச்சதில்லம்மா."

"நாளைக்குக் கல்யாணம்னு சொன்னீங்களே?"

அவர் தரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கும் மூஞ்சியெல்லாம் தழும்புதாம்மா. அந்த லென்ஸ்தானே, அந்த லென்ஸ்தானேன்னு அவங்கம்மா வந்து வந்து கேட்டுட்டுப் போச்சு. நான் இன்னாவாவது சொல்லிச் சமாளிச்சிக்கறேன். நீங்க ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்கன்னு இவரு சொன்னாரு."

"தொடாதீங்க" என்றார் அந்த அம்மா. "அந்தப் பொண்ணோட லென்ஸ் அது. இருக்கிறபடியே இருக்கட்டும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது, மறைப்பானேன். யாரோ முகம் தெரியாத பெண்ணின் கல்யாணப் படத்துக்காக இந்த அம்மா தன் பட்டத்தை ஆற்றில் விடுகிறாரே என்று இருந்தது. அவரோ ஆற்றில் விடவில்லை. லென்ஸின் ஓரப் பகுதிதான் அந்த நுரையை உண்டாக்கும், நடுப்பகுதி ஓரளவு ஒழுங்காகவே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பிளேட் சுற்றி வந்த கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கினார். காபி டம்ளரின் அடிப்பாகம், பிலிம் டப்பா மூடி, ஒரு ரூபாய் நாணயம், மூன்றையும் வைத்து வரைந்து மூன்று தாளில் மூன்று ஓட்டை வெட்டினார். ஓட்டைத் தாளை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் ஓரம் மறையும், நடு மட்டும் வேலை செய்யும்.

நாணய ஓட்டையில் குமிழ்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. "ஆஹா, இதுதாம்மா!" என்றேன். ஸ்டூடியோக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோண்டு ஓட்டைல இன்னாங்க வெளிச்சம் வரும்? இருட்டடிச்சுப் போயிடும். முழுசாத் தெறந்து வுடுங்க" என்றார். நாங்கள் இருவரும் மல்லுக்கு நிற்க, இடையில் அந்த அம்மா கேட்டார்.

"அண்ணே, இந்தப் படம் எனக்கு எதுக்கு?"

இதைத்தான் பிள்ளைகளே, உங்களில் ஒருத்தராவது என்னைத் திருப்பிக் கேட்பீர்களா என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறேன். எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அப்புறம். அந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்? அவருக்கு அழகான படம் தேவையில்லை, அது ஏற்கெனவே நல்ல லென்ஸில் வரப்போகிறது. கூர்மையான நட்சத்திரங்களும் தேவையில்லை. வாலில் இடைவெளி இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குமிழ்களைக் காட்டினார். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சந்து, கிட்டத்தட்ட வால் அறுந்திருந்த அளவுதான். "இது ரெண்டும் ரெண்டாத் தெரியணும். அதுக்கு மேல கூர் வேண்டாம். கூர் கூடக்கூட வெளிச்சம் போகும்."

டம்ளர் ஓட்டையில் குமிழ்கள் பஞ்சு உருண்டைகளாகத்தான் தெரிந்தன. ஆனால் இரண்டு உருண்டைகள். அதையே லென்ஸில் ஒட்டினார். என் தொழில் கர்வத்துக்கு அது சகிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் இரண்டு கேமராவையும் ஒரே தொலைநோக்கியின் முதுகில் கட்டினோம். தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கம்பிகளின் நடுவில் வால்நட்சத்திரத்தின் தலையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. தன் லென்ஸ் மூடியைத் தான்தான் எடுப்பேன் என்று ஸ்டூடியோக்காரர் நின்றார். நல்ல லென்ஸின் மூடி அந்த அம்மா கையில். மேற்கில் சிவப்பு வடிந்தது. நான் அவசரப்பட்டேன், அவர் விடவில்லை. "வானம் இன்னும் வெளுப்பா இருக்கு அண்ணே, இப்ப திறந்தா வானம்தான் விழும்." தலைக்குப் பக்கத்தில் அவர் குறித்து வைத்திருந்த ஒரு மங்கலான நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான், "திறங்க" என்றார்.

ஸ்டூடியோக்காரர் மூடியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, "ரெடி, ஆடாம இருங்க" என்று வால்நட்சத்திரத்துக்கு உத்தரவு போட்டார். வாய்ப் பழக்கம்! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிரித்திருந்தால் கை ஆடியிருக்கும்.

நான் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வால்நட்சத்திரம் பிரமாதமாகத் தெரிந்தது, வானம் அப்போதுதான் நல்ல கறுப்பாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் படம் தூக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில், "மூடுங்க" என்றார்.

"அம்மா, நல்லாத் தெரியுது! இன்னும் இருக்குது!"

"மூடுங்க அண்ணே."

இரண்டு மூடிகளும் விழுந்தன. எனக்கு அழுகை வராத குறை. அவர் நிதானமாகக் கீழே கையைக் காட்டினார். வாணியம்பாடிச் சமவெளியின் தூசி மேலே மேலே எழும்பி, அடிவானத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. நான் வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் அந்தத் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "தூசி வந்தாச்சு. இனிமே சேர்றது வால் இல்ல, அழுக்கு" என்றார். திறப்பதற்கு எல்லோருக்கும் தெரியும். நன்றாக இருக்கும்போதே மூடுவதற்குத் தனி நெஞ்சு வேண்டும். அது அந்த அம்மாவிடம் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் லென்ஸைத் தூக்குக்குள் இறக்கிக்கொண்டு அப்போதே ஜீப்பில் கிளம்பினார். "எனக்கு ஒரு பிரிண்ட் போட்டு அனுப்புங்கம்மா. எந்தக் கல்யாணத்துலயும் இவ்ளோ நேரம் ஒரு போஸ் எடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டறையில் நல்ல லென்ஸின் பிளேட்டை முதலில் கழுவினேன். வால் அறுந்துதான் இருந்தது. ஆனால் முந்தின நாள் இடத்தில் இல்லை, தலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போயிருந்தது. எனக்குப் பகீரென்றது. இடம் மாறினால் அது கோளாறுதானே? அந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நகர்ந்திருக்கு அண்ணே! முறிஞ்சது காத்துல அடிச்சுக்கிட்டுப் போகுது! லென்ஸ் கோளாறா இருந்தா அங்கேயேல்ல இருந்திருக்கும்?"

மணப்பெண் லென்ஸின் பிளேட் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னணி சாம்பல், நட்சத்திரங்கள் நூல்கண்டுகள். வால் இருந்தது. இடைவெளி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். "சொல்லாதீங்க. நானும் சொல்லல. நமக்கு வேணும்கிறது நமக்குத் தெரியத்தான் செய்யும்" என்றார்.

மறுநாள் வாணியம்பாடியில் ரயில் ஏறிப் பெங்களூர் போனோம். பிளேட்கள் இருந்த தகரப் பெட்டியைப் போர்வையில் சுற்றி நான் மடியில் வைத்திருந்தேன். எதிர் சீட்டு அம்மாள், "பலகாரமா?" என்று கேட்டுவிட்டு, நான் முழித்த முழியைப் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியில் அந்த அம்மா தன் திட்டத்தைச் சொன்னார். பேராசிரியரிடம் மோசமான பிளேட்டைத்தான் முதலில் கொடுக்கப் போகிறாராம். இடைவெளி நகர்ந்ததையும் சொல்லப் போவதில்லையாம்.

"என்னம்மா அநியாயம் இது! எந்தப் பழக்கடைக்காரனாவது அழுகலை மேலே அடுக்குவானா?"

"நல்லதைப் பாத்துட்டா அவர் கண்ணு அந்த எடத்தைத்தான் தேடும் அண்ணே. தேடாத கண்ணுக்குத் தெரியணும்."

"அவருக்குத் தெரியலன்னா?"

"தெரியலன்னா இல்லைன்னு எழுதிருவேன்" என்றார்.

பேராசிரியர் உட்காரச் சொன்னார். அந்த அம்மா நின்றுகொண்டே பிளேட்டை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்ததும் அவர் முகம் சுளித்தது. "என்னம்மா இது, நட்சத்திரமா இட்லியா?" என்றார். பூதக்கண்ணாடியை எடுத்தார். நேராக வாலின் அடிப்பகுதிக்குப் போனார், அதாவது போனில் சொன்ன இடத்துக்கு. ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ சொன்ன எடத்துல ஒண்ணுமே இல்லையே."

மேலே பாருங்க சார், மேலே பாருங்க என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் பிளேட்டை எடுக்கக் கையைக் கொண்டுபோனார், பிறகு எடுக்கவில்லை. பூதக்கண்ணாடி வால் வழியே மெதுவாக மேலே ஏறியது. ஓர் இடத்தைத் தாண்டியது. நின்றது. திரும்பி வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பேனாவை எடுத்து, பிளேட்டின் கண்ணாடிப் பக்கத்தில் இரண்டு நூல்கண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தார்.

"இங்க வால் அறுந்திருக்கு. நல்ல லென்ஸ் பிளேட்டைக் கொண்டா."

அந்த அம்மா கொடுத்தார். பேராசிரியர் இரண்டையும் பக்கத்தில் வைத்து அதே இரண்டு நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்தார். அவற்றுக்கு நடுவே, அவர் தானே புள்ளி வைத்த அதே இடத்தில், வால் சுத்தமாக முறிந்து கிடந்தது. மனிதர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"இவ்வளவு கேவலமான படத்துலயே விழுந்திருக்கேம்மா! அப்ப அது நிஜமாவே அங்க இருக்கு! நகருது! உன் முறிவு நகருதும்மா!"

அதுவரை நின்றுகொண்டிருந்த அந்த அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவ்வளவு பெரிய பேராசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.